கீழ் வளையம்

முதலில் ஒரு விடுகதை.

ஒரு பொருள். அதை நூறு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் பார்ப்பதே இல்லை. ஆனால், அது நன்றாக இருக்கிறதா என்று அந்த ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

யார் அவர்?

விடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள். இந்தக் கதையில் வருகிற சீடரும் அதைச் சட்டென்று சொல்லிவிடவில்லை.

சீடர் என்றதும் சின்னப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வயது நாற்பத்தாறு. பெயர் சௌந்தரபாண்டி.

குருவுக்கு முப்பத்து நான்கு. பெயர் செலின்.

குருவுக்கு ஆசிரமம் கிடையாது. திண்டுக்கல்லில் ஒரு முலாம் பட்டறை இருந்தது. பூட்டு, குழாய், கதவுக் கைப்பிடி, சைக்கிள் மணி என்று மங்கிப் போனது எது வந்தாலும் அங்கே பளபளவென்று ஆக்கி அனுப்புவார்கள்.

சௌந்தரபாண்டி அதற்குமுன் பதினெட்டு வருடம் ஒரு பூட்டுக் கம்பெனியில் பூட்டுகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடைசிப் பூட்டைச் சுற்றி வைத்தார். நேராகச் செலினிடம் வந்தார்.

"அடுத்தவங்க செஞ்ச பளபளப்பைச் சுத்திக் குடுத்தது போதும்மா. இனிமே நானே செய்யப்போறேன்."

"சரிண்ணே. முதல்ல அந்த வாளியை எடுங்க," என்றார் செலின்.

அப்படித்தான் அவர் சீடரானார்.

*

ஏழு மாதம் போனது.

"ஒரு கேள்வி கேக்கணும்மா," என்றார் சௌந்தரபாண்டி.

"கேளுங்க."

"சக்கரத்துல வச்சுத் தேய்ச்சுப் பஃப் அடிக்கிறேன். கழுவுறேன். நிக்கல் தொட்டி வரைக்கும் வந்துட்டேன். குரோம் தொட்டிகிட்ட மட்டும் என்னை விட மாட்டேங்கிறீங்க. ஏன்?"

செலின் கையில் இருந்த பூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"குரோம் தொட்டியில எவ்வளவு நேரம்ணே வேலை?"

"நாலு நிமிஷம்."

"அதுக்கு முன்னாடி உள்ள வேலை?"

"நாலு மணி நேரம் ஆகும்."

"நாலு மணி நேரத்தை உங்ககிட்ட குடுத்திருக்கேன். நாலு நிமிஷத்துக்குச் சண்டைக்கு வர்றீங்க."

சௌந்தரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"அந்த நாலு நிமிஷத்துலதானம்மா மின்னுது."

செலின் தொட்டிப் பக்கம் திரும்பினார். பூட்டைத் தொட்டியில் இறக்கினார்.

*

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு.

வேலை செய்தவர், "முடிந்தது" என்று சொல்லக்கூடாது. குருவும் சொல்ல மாட்டார். அந்தப் பொருளை யார் பயன்படுத்தப் போகிறாரோ, அவர் வந்து சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு முன்னால் அவரிடம் யாரும் எதையும் எடுத்துச் சொல்லக் கூடாது.

ஒரு தையல்காரர் கத்தரிக்கோல் கொடுத்திருந்தார். வந்தார். கத்தரிக்கோலைப் பார்க்கவே இல்லை. செலினிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு செய்தித்தாளைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினார். பிறகு கைப்பிடி உரசிய கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார்.

"முடிஞ்சது," என்றார். போய்விட்டார்.

"அந்த மினுமினுப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே," என்று சௌந்தரபாண்டி அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.

*

ஒரு புதன்கிழமை அவர் பட்டறைக்கு ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தில் அடிக்கிற டிரம். இடுப்பில் வார் போட்டு, இடது தொடைப் பக்கமாகத் தொங்கவிட்டு, இரண்டு குச்சிகளால் அடிப்பார்களே, அது. பித்தளை உடல். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். அந்த இரண்டும்தான் தோல்களை இழுத்துப் பிடிக்கும்.

அறுபது வருடத்துக்கு முந்தியது. குரோம் தேய்ந்து, தேமல் விழுந்த முகம் மாதிரி இருந்தது. வளையங்களில் முலாம் செதில் செதிலாக எழும்பியிருந்தது.

"யாருது?" என்று கேட்டார் செலின்.

"ஸ்கூலோடது. எம் பொண்ணு மதி அடிக்கிறா. எட்டாவது படிக்கிறா. அவதான் முன்னாடி நிக்கிறவ. மொத்தம் அஞ்சு டிரம். நாலு புதுசு, இது ஒண்ணுதான் கெழடு. ஆனா சத்தம் இதுலதான் கணீர்னு வரும். அதனாலதான் இது அவகிட்ட இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அடுத்த சனிக்கிழமை அணிவகுப்பு. அஞ்சும் ஒரே மாதிரி மின்னணும்னு பி.டி. சார் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை காலையில பாப்பாராம். மின்னலைன்னா இது ஸ்டோர் ரூமுக்குப் போகும். புது டிரம் வச்சிருக்கிற இன்னொரு பொண்ணு முன்னாடி நிக்கும். மதிக்கு ஜால்ரா."

"மதி என்ன சொன்னா?"

"ஜால்ரா அடிக்கிறதுக்கு வீட்டுலயே இருப்பேன்னு சொன்னா."

செலின் டிரம்மைத் தலைகீழாகத் திருப்பினார். கீழ் வளையத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். செதிலுக்குள் சிக்கியிருந்த எதையோ இரண்டு விரலால் எடுத்துச் சௌந்தரபாண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு நீல நூல். அரை விரல் நீளம்.

"என்னம்மா இது?"

"உங்க டிரம்ல இருந்தது."

சௌந்தரபாண்டி அதை ஊதித் தள்ளினார்.

"தூசும்மா. ஸ்டோர் ரூம்ல கெடந்தது."

செலின் நூல் விழுந்த இடத்தைப் பார்த்தார். டிரம்மை அவரிடம் கொடுத்தார்.

"முழுக்க நீங்களே செய்யுங்க. குரோம் மட்டும் நான் போட்டுத் தர்றேன். அடிக்கிற ஆள் வந்து முடிஞ்சதுன்னு சொல்லட்டும். சொன்னா, அணிவகுப்பு முடிஞ்ச திங்கக்கிழமையிலேருந்து குரோம் தொட்டி உங்களோடது."

"எம் பொண்ணுதானம்மா அடிக்கிறவ."

"தெரியும்."

"அப்போ திங்கக்கிழமைக்குப் புதுக் கையுறை எடுத்து வைங்க."

"அவகிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாது."

"வாயைத் திறக்க மாட்டேன்."

*

முதலில் உடல்.

திருகுகளைக் கழற்றினார். தோல்களை எடுத்தார். உடலை அமிலத்தில் இறக்கினார். நுரை பொங்கி அடங்கியதும் பழைய குரோம் போயிருந்தது. அதற்கடியில் மங்கலான மஞ்சள் பூத்த நிக்கல். அதையும் எடுத்தார். பித்தளை வந்தது.

பித்தளையைப் பஃப் சக்கரத்தில் கொடுத்தார். ஒவ்வொரு கீறலாக எடுத்தார். குரோம் எந்தக் கீறலையும் மூடாது. மிக மெல்லிசு. அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு கழுவினார். உடலைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் ஒரே போர்வையாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்தால் எங்கோ எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

போர்வையாக வழிந்தது.

"பாருங்கம்மா," என்று அதைத் தூக்கிக் காட்டினார். நிக்கல் தொட்டியில் இறக்கினார். அரை மணி நேரம் கழித்து எடுத்தார்.

வெள்ளி மாதிரி இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை. கோடு கோடாக, ரொம்பத் தெளிவாக.

தூக்கிக் காட்டிய அவசரத்தில் கையுறையைப் போட மறந்திருந்தார். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை.

செலின் அருகில் வந்து பார்த்தார்.

"இது யாரோட டிரம்ணே?"

"ஸ்கூலோடதும்மா."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

சௌந்தரபாண்டி மறுபடி அமிலத்துக்குப் போனார்.

இரண்டாம் முறை கைரேகை இல்லை. உடல் அருமையாக வந்தது. செலின் குரோம் போட்டுக் கொடுத்தார். நாலு நிமிடம்.

*

அடுத்து மேல் வளையம்.

பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். சௌந்தரபாண்டி அதற்கு ஒரு முழு நாள் கொடுத்தார். வெளிப்பக்கத்தைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். குரோம் போட்டு முடித்துத் துடைத்தபோது அதில் பட்டறையின் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. சுவரில் இருந்த காலண்டரின் தேதி கூட, தலைகீழாக, தெரிந்தது.

"இன்னைக்குத் திங்கக்கிழமைன்னு இந்த வளையமே சொல்லுதும்மா," என்றார்.

அதை ஆணியில் மாட்டினார். போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கீழ் வளையத்தை எடுத்தார். வெளிப்பக்கம் மட்டும் லேசாக ஒரு தடவை பஃப் கொடுத்தார். பத்தே நிமிடம்.

"என்ன, அதுக்குள்ள சக்கரத்துலேருந்து எடுத்துட்டீங்க?" என்றார் செலின்.

"கீழே இருக்கிறதும்மா. கவுந்து படுத்துப் பாத்தாத்தான் தெரியும். எவன் பாக்கப் போறான்?"

செலின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அந்த விடுகதையை அப்போதுதான் போட்டார்.

"ஒரு பொருள். நூறு பேர் பாக்குறாங்க. ஒருத்தர் மட்டும் பாக்கிறதே இல்ல. நல்லா இருக்கான்னு அந்த ஒருத்தரைத்தான் கேக்கணும். யாரு அவரு?"

"கண்ணு தெரியாதவரு."

"இல்ல."

"சாமி."

"சாமி எல்லாத்தையும் பாக்கும்ணே."

"பி.டி. சார்."

"அவருக்குச் சாமியைவிட நல்லாத் தெரியும் கண்ணு."

"தெரியலம்மா. நீங்களே சொல்லுங்க."

செலின் எழுந்தார். டிரம்மின் உடலை மேசைமேல் வைத்தார். மேல் வளையத்தைப் பூட்டினார். பாதி வேலை செய்த கீழ் வளையத்தையும் அப்படியே பூட்டினார். வாரைச் சௌந்தரபாண்டியின் இடுப்பில் மாட்டினார்.

"வாசலுக்கு வாங்க."

வந்தார்.

"அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு வாங்க. நூறு அடி. மதி எப்படி நடப்பாளோ அப்படி. முழங்கால் மேல வரணும்."

"நானா?"

"நீங்கதான்."

"தெருவுல ஆள் இருக்கும்மா."

"அணிவகுப்புலயும் ஆள் இருக்கும். கண்ணு நேரா இருக்கணும். குனிஞ்சு டிரம்மைப் பாக்கக்கூடாது."

சௌந்தரபாண்டி நடந்தார். முழங்காலை உயர்த்தி, மார்பை நிமிர்த்தி, கண்ணை நேராக வைத்து நடந்தார். எதிர்ப் பூட்டுக் கம்பெனியில் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். அதில் பாதிப் பேர் அவரோடு பதினெட்டு வருடம் பூட்டு சுற்றியவர்கள்.

"என்ன பாண்டி, கல்யாண ஊர்வலமா? மாப்பிள்ளையக் காணோம்?"

"மாப்பிள்ளையே இவன்தான்டா. வயசு ஆயிட்டதால தனியாப் போறான்."

"டிரம்மு சூப்பரா மின்னுதுப்பா, யாரு போட்டது?"

கடைசிக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் திரும்பக் கூடாது. நடந்தார்.

நாற்பதாவது அடியில் இடது தொடையில் ஏதோ சுருக்கென்றது.

அறுபதாவது அடியில் எரிந்தது. நின்றார்.

"நிக்கச் சொல்லலையே," என்றார் செலின்.

நடந்தார். நூறு அடி முடித்து வாசலுக்கு வந்தபோது அவருடைய காக்கி பேன்ட் இடது தொடையில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே தோலில் நாலைந்து சிவப்புக் கோடுகள். ஒன்றில் ரத்தம் துளிர்த்திருந்தது.

டிரம்மைக் கழற்றினார். கவிழ்த்தார். கீழ் வளையத்தின் செதிலில் ஒரு நூல் சிக்கியிருந்தது.

காக்கி நூல்.

அதை விரலால் எடுத்தார். பிறகு பட்டறைக்குள் போனார். புதன்கிழமை நீல நூலை ஊதித் தள்ளிய இடத்தில் குனிந்து தேடினார்.

ஆறு நாள் பெருக்கிய தரை. எதுவும் கிடைக்கவில்லை.

மதியின் பள்ளிக்கூடப் பாவாடை நீலம்.

போன மாதம் அவள் இடது தொடையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என்னடி இது என்று அவளுடைய அம்மா கேட்டாள். ஸ்டைல் என்றாள் மதி. அப்பாவும்தான் சிரித்தார்.

"இத்தனை நாளா ஏன் எங்ககிட்ட சொல்லல அவ?" என்றார் சௌந்தரபாண்டி.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"சார்கிட்டப் போய்ச் சொல்லியிருப்பேன்."

"சார் என்ன செஞ்சிருப்பாரு?"

சௌந்தரபாண்டி வாயைத் திறந்தார். ஸ்டோர் ரூம் என்ற வார்த்தை வாய் வரை வந்தது. மூடிக்கொண்டார்.

*

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கீழ் வளையத்தை அமிலத்தில் இறக்கினார். மிச்சமிருந்த பழைய முலாம் முழுவதையும் எடுத்தார். அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளிப்பக்கம், உள்பக்கம், மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, திருகு போகிற துளைகளின் வாய் என்று ஒவ்வொன்றாகப் போனார். பஃப் சக்கரம் நுழையாத இடத்துக்குத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு கையால் தேய்த்தார்.

பிறகு கொஞ்சம் பஞ்சு எடுத்து வளையத்தின்மேல் மெதுவாக இழுத்தார். எங்கேயாவது முனை இருந்தால் பஞ்சு பிடித்துக்கொள்ளும். ஓர் இழையானாலும் காட்டிக்கொடுக்கும்.

பதினோரு இடத்தில் பிடித்தது.

பதினோரு இடத்தையும் தேய்த்தார். மறுபடி இழுத்தார். மூன்று இடத்தில் பிடித்தது.

புதன்கிழமை சாயங்காலம் பஞ்சு எங்கும் பிடிக்காமல் ஒரு முழுச் சுற்று வந்தது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உள்பக்கமாக இன்னொரு சுற்று இழுத்தார்.

மறுநாள் கையுறை போட்டுக் கழுவினார். தண்ணீர் போர்வையாக வழிந்தது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. நிக்கல் போட்டார். செலின் குரோம் போட்டுக் கொடுத்தார்.

வளையத்தை வாங்கியதும் சௌந்தரபாண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பேன்ட் கிழிசல் வழியாகத் தொடையில் வைத்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். காயத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது.

"பேன்ட்டைத் தைக்கலியா?" என்றார் செலின்.

"இந்த வேலை முடியட்டும்மா."

ஆணியில் மேல் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எப்படி மின்னியதோ அப்படியே மின்னியது.

செலின் மீதிப் பஞ்சை உருட்டினார். மேல் வளையத்துக்குக் கீழே மேசையில் வைத்தார். தன் வேலைக்குத் திரும்பினார்.

சௌந்தரபாண்டி பஞ்சைப் பார்த்தார். எடுத்தார். அதைக் கொண்டு மேல் வளையத்தின் வெளிப்பக்கத்தைப் பளிச்சென்று துடைத்து மறுபடி மாட்டினார்.

*

வியாழக்கிழமை மாலை நாலேகாலுக்கு மதி வந்தாள். தோளில் புத்தகப் பை. இரட்டைச் சடை. ஒரு சடையின் ரிப்பன் அவிழ்ந்திருந்தது.

மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, டிரம்மின் உடலையும் இரண்டு வளையங்களையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

"இன்னும் மாட்டலையா அக்கா?" என்றாள்.

"நீ முடிஞ்சதுன்னு சொன்னதும் மாட்டலாம்," என்றார் செலின். "ஒவ்வொண்ணாப் பாரு. எது முடிஞ்சதோ அதை உன் பக்கம் வச்சுக்கோ. முடியாததைத் திருப்பிக் குடு. ஏழு மணிக்குத்தான் தொட்டியை அணைப்போம்."

"நாளைக்குக் காலையில சார் பாப்பாரு அக்கா. ஒம்போது மணிக்கு."

"தெரியும்."

சௌந்தரபாண்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏழு மாதம் அவர் அந்தப் பட்டறையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

மதி முதலில் உடலை எடுத்தாள். காதருகில் வைத்து விரல் முட்டியால் தட்டினாள். கேட்டாள். இன்னொரு பக்கம் தட்டினாள்.

"அப்படியே இருக்கு," என்றாள். தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அடுத்து கீழ் வளையம். அதைப் பார்க்கவில்லை. இடது தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி முழங்காலை உயர்த்தினாள். பத்து அடி. இருபது அடி. நின்ற இடத்திலேயே நடந்தாள்.

முப்பதாவது அடியில் வேகத்தைக் கூட்டினாள். நாற்பதில் நிறுத்தினாள்.

பாவாடையைத் தடவிப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவருடைய பேன்ட் கண்ணில் பட்டது.

"அப்பா, பேன்ட் கிழிஞ்சிருக்கு."

"ஆமா."

"இடது பக்கம்."

"இடது பக்கம்தான்."

மதி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கைக்குட்டையைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தை மேசையில், உடலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் இருந்து கையை உடனே எடுக்கவில்லை.

பிறகு மேல் வளையத்தை எடுத்தாள்.

"ஐ, கண்ணாடி மாதிரி இருக்குப்பா," என்றாள். அதில் முகம் தெரிந்தது. அதிலேயே பார்த்து அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டாள்.

சௌந்தரபாண்டியின் முகம் மலர்ந்தது. "அப்போ முடி..." என்று தொடங்கினார்.

செலின் இருமினார்.

அவர் நிறுத்திக்கொண்டார்.

அடித்து முடிக்கிற போது, சத்தம் இழுத்துக்கொண்டு போகாமல் சட்டென்று நிற்க வேண்டும். அதற்கு டிரம் அடிக்கிறவர்கள் இடது கை விரல்களை வளையத்துக்கு மேலாக உள்ளே விட்டுத் தோலை அமுக்குவார்கள். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை அப்படிச் செய்ய வேண்டியிருக்கும்.

மதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மாதிரி இடது கை விரல்களை வளையத்துக்கு மேலாக உள்ளே விட்டாள். எடுத்தாள். கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டாள். எடுத்தாள்.

மூன்றாவது இடத்தில் விரல் நின்றது.

பின்னால் இழுத்தாள். மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். மறுபடி நின்றது.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. நகத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கீறல்.

சௌந்தரபாண்டி அதைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பஞ்சு உருண்டையைப் பார்த்தார். அதில் ஒரு பக்கம் மட்டும்தான் அழுக்காகியிருந்தது.

கடிகாரத்தில் மணி நாலரை.

அமிலத்துக்குப் பத்து நிமிடம். உள்பக்கம் தேய்க்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கழுவ வேண்டும். நிக்கலுக்கு அரை மணி. குரோமுக்கு நாலு நிமிடம். நடுவில் ஒரு கைரேகை விழுந்தாலும் ஏழு மணிக்குள் முடியாது. மேல் வளையம் இல்லாத டிரம்மை ஒன்பது மணிக்குச் சாரிடம் காட்ட முடியாது.

பி.டி. சார் உள்பக்கத்தில் விரலை விட்டுப் பார்க்கப் போவதில்லை. இது மதிக்கும் தெரியும்.

அப்பா எதற்காக ஏழு மாதம் காத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் தினமும் சாப்பிடும்போது குரோம் தொட்டியைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணே, நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார் செலின்.

"சொல்லக்கூடாதே."

"இன்னைக்கு ஒரு தடவை சொல்லலாம்."

சௌந்தரபாண்டி யோசித்தார். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார். மேசை ஓரத்தில் இருந்த கையுறைகளை எடுத்தார். ஒவ்வொரு விரலாக நுழைத்து, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

"மதி, நீ சொல்லு," என்றார் செலின்.

மதி கீழ் வளையத்தைத் தன் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மேல் வளையத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.